பட்டாவில் இல்லாத வழி

முப்பத்து மூன்று வருடம் நில அளவைத் துறையில் குப்பை கொட்டியவன் நான். 1974-ல் சேர்ந்து 2007-ல் ஓய்வு பெற்றேன். நடுவில் ஒன்பது வருடம் நீலகிரி. எத்தனை ஆயிரம் புல எண்களை அளந்திருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. அத்தனையிலும் இன்றுவரை மனதை விட்டு இறங்காமல் இருப்பது ஒரே ஒரு நிலம்தான். ஒரு ஏக்கர் இருபது சென்ட். அதை நான் சம்பளத்துக்கு அளக்கவில்லை. என் தங்கை வீட்டுக்காரருக்காக அளந்தேன்.

இதை இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் தங்கைதான். "எதை வேணும்னாலும் எழுதிக்கங்கண்ணா, எங்கூட்டுக் கதைய மட்டும் எழுதிப்போடாதீங்க" என்று சொல்லி வைத்திருந்தாள். போன மாதம் அவளே எழுதச் சொல்லிவிட்டாள். ஆனாலும் புல எண்ணைச் சொல்லமாட்டேன். ஊரையும் "மசினகுடிக்குப் பக்கம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கியவர்களுக்கு அந்த இடம் கண்ணில் வரும். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு. மேலே போட்டிருந்த ஸ்வெட்டரைக் கீழே வருவதற்குள் கழற்றிவிட வேண்டும். தைல மரமும் பைனும் போய், முள்காடு ஆரம்பிக்கும். மழை மறைவுப் பிரதேசம். இதற்குச் சீகூர் பீடபூமி என்று பெயர். தெற்கே நீலகிரி மலை சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கிறது. வடக்கே மாயாறு, நிலத்தை ஆழமாக வெட்டிக்கொண்டு ஓடுகிறது. மேற்கே முதுமலை, அதைத் தாண்டினால் பந்திப்பூர், வயநாடு. கிழக்கே போனால் சத்தியமங்கலம் காடு, அப்படியே கிழக்குத் தொடர்ச்சி மலை. சுவருக்கும் பள்ளத்துக்கும் நடுவில் கிடக்கிற இந்தப் பட்டை நிலத்தில்தான் யானைகள் மேற்கிலிருந்து கிழக்கும் கிழக்கிலிருந்து மேற்கும் போக வேண்டும். செங்குத்து மலையில் குட்டியை வைத்துக்கொண்டு கூட்டம் ஏறாது. மாயாற்றுப் பள்ளத்திலும் நினைத்த இடத்தில் இறங்க முடியாது.

ஆசிய யானைகள் ஒரே தொடராக அதிகம் பேர் வாழ்கிற காடு உலகத்தில் இந்த நீலகிரியைச் சுற்றியுள்ள காடுதான் என்கிறார்கள். (யானையை "பேர்" என்று எண்ணிவிட்டேன். இருக்கட்டும், நான் அந்த ஊரில் பழகியவன்.) பெரிய யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோவுக்குக் குறையாமல் தீனி வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் அந்த இடம் மொட்டையாகிவிடும். ஆகவே நடந்துகொண்டே இருக்கும். ஒரு கூட்டம் வருடத்தில் சுற்றுகிற பரப்பு பல நூறு சதுர கிலோமீட்டர். வழியை அடைத்துவிட்டால் காடு இரண்டு துண்டாகிவிடும். இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. முதலில் எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் புத்தகம் படித்தவர் அல்ல.

அது 1986. ஒரு உட்பிரிவு வேலைக்காக அங்கே பத்து நாள் முகாம். சங்கிலி இழுக்க உள்ளூரில் கூலிக்கு ஒரு இருளர் பெரியவரைப் பிடித்திருந்தோம். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். நான் கிராஸ் ஸ்டாப்பை நட்டுக் கோடு பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் எல்லைக்கல் வைக்க வேண்டிய இடத்தைப் பார்த்துவிட்டு, "சார், இங்க கல்லு நிக்காதுங்க" என்றார்.

"ஏன், பாறையா?"

"பாறை இல்லீங்க. இது ஆனை போற தடம். உங்க கல்லு அதுக்குக் குறுக்க வருது."

நான் சிரித்தேன். கல்லை அங்கேதான் நட்டோம். கணக்குப்படி அங்கேதான் வரவேண்டும். அடுத்த வருடம் வேறு வேலையாகப் போனபோது அந்தக் கல் பிடுங்கி எறியப்பட்டு ஏழெட்டு அடி தள்ளிக் கிடந்தது. பெரியவர் அப்போதும் கூட இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அது மரியாதை.

புலப்படம் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும், அதில் எல்லாவற்றுக்கும் ஒரு குறி உண்டு. கிணறு, ஓடை, கோயில், வண்டிப்பாதை எல்லாம் இருக்கும். மனிதன் நடக்கிற ஒற்றையடிப் பாதைக்குக்கூடப் புள்ளிக்கோடு போடுவோம். யானைத் தடத்துக்குக் குறி கிடையாது. எனவே நானும் போடவில்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து யாரும் போடவில்லை. வரைபடத்தில் இல்லாதது 'அ' பதிவேட்டில் இருக்காது. 'அ' பதிவேட்டில் இல்லாதது பட்டாவில் வராது. பட்டாவில் வராததைப் பற்றி வில்லங்கச் சான்று பேசாது.

இனி மாப்பிள்ளை கதை. அவர் கோவையில் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். 2001-ல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அப்போது அப்படி வந்தவர்கள் உங்களிலும் சிலர் இருப்பீர்கள். கையில் மொத்தமாகப் பணம். மகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளைக்கு ஒரே ஆசை, மலையடிவாரத்தில் ஒரு சின்ன வீடு, நாலு எலுமிச்சை, இரண்டு மாடு. 2003-ல் மசினகுடிப் பக்கம் ஒரு நிலம் விலைக்கு வருகிறது என்று யாரோ சொல்ல, போய்ப் பார்த்துவிட்டு வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்.

"மச்சான், நீங்க ஒருக்கா வந்து அளந்து பாத்துச் சொன்னாப் போதும். நீங்க சரின்னா நான் கண்ணை மூடிட்டு வாங்கிப்போடுவேன்."

இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். பத்திரம் பார்த்தேன். முப்பது வருட வில்லங்கம் சுத்தம். பட்டா விற்கிறவர் பெயரில். நான்கு எல்லையும் படத்தோடு ஒத்துவந்தது. கொள்ளு விதைத்துக்கொண்டிருந்த மேட்டு நிலம். வடக்கு ஓரத்தில் ஒரு மழைக்கால ஓடை.

ஓடையை ஒட்டி ஒரு வெக்காலி மரம். அதன் தண்டில் நான் கையை உயர்த்தினாலும் எட்டாத உயரத்தில் சேறு பூசி வழவழவென்று தேய்ந்திருந்தது. கீழே காய்ந்த லத்தி. இரண்டு மூன்று நாள் பழையது, அதற்குக் கீழே அதைவிடப் பழையது. மரத்திலிருந்து கிழக்கே புல் படிந்து ஒரு தடம், வயலைக் கோணலாக வெட்டிக்கொண்டு போனது. பதினேழு வருடத்துக்கு முன்பு அந்தப் பெரியவர் காட்டிய தடம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். எனக்கு அது ஞாபகம் வராமல் இல்லை.

மாப்பிள்ளை லத்தியைக் காட்டி, "இதென்னங்க மச்சான், ஆனைதானே?" என்றார்.

"காடு பக்கத்துல இருக்குதில்லீங்களா மாப்ள. எப்பவாச்சும் வந்துபோட்டுப் போகும்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பத்திரம் சுத்தமாக இருக்கிறது, அளவு சரியாக இருக்கிறது, என் வேலை முடிந்தது என்று நினைத்தேனா, அல்லது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லையா என்று இன்றைக்கும் எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. நாலரை லட்சத்துக்கு முடிந்தது.

வாங்கியதும் முதல் வேலையாக வேலி போட்டார். தொண்ணூற்றாறு கல்லுக்கால், நாலு வரிசை முள்கம்பி. முதல் வருடமே ஓடைப் பக்கம் ஐந்து கால்கள் சாய்ந்தன. திருப்பி நட்டார். மறுபடி சாய்ந்தது. கம்பியில் மின்சாரத்தைக் கொடுத்துவிடுங்கள், ஒரு முறை பட்டால் அந்தப் பக்கமே வராது என்று ஒருவன் யோசனை சொன்னான். மாப்பிள்ளை அவனை வாசலோடு அனுப்பிவிட்டார். "வாயில்லா சீவனைக் கொன்னுபோட்டு நாம அங்க படுத்தாத் தூக்கம் வருமா" என்பார்.

வீட்டைக் கட்டுவதற்கு அனுமதி வேண்டும். நீலகிரியில் இது மற்ற மாவட்டம் மாதிரி இல்லை. 1990-லிருந்து மலைப்பகுதி பாதுகாப்புக்கு என்று ஒரு குழுமம் இருக்கிறது, ஹாக்கா என்பார்கள். மலைப்பகுதிக்குத் தனிக் கட்டட விதிகள் இருக்கின்றன. தனியார் காடுகளைக் காப்பதற்கு 1949-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. காகிதத்தில் குறை சொல்ல முடியாது. மாப்பிள்ளை வங்கியில் இருந்தவர், விதி என்றால் விதி. மனுவைக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு அலுவலகமாக நடந்தார். ஒரு இடத்தில் கோப்பு இல்லை என்றார்கள், இன்னொரு இடத்தில் இது எங்கள் மேஜை இல்லை என்றார்கள். கடைக்கால் மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்தார். அவர் காத்திருந்த அதே நாட்களில் சுற்றுவட்டாரத்தில் விடுதிகள் எழும்பின. காட்டைப் பார்த்த அறை, இரவில் நெருப்பு மூட்டிப் பாட்டு, யானை பார்க்க ஜீப் சவாரி. அத்தனை பேருக்கும் அனுமதி எங்கிருந்து வந்தது என்று மாப்பிள்ளை கேட்பார். எனக்குப் பதில் தெரியாது. வாங்கினார்களா வாங்காமலே கட்டினார்களா என்பது 2018-ல் தான் வெளியே வந்தது. அதற்கு வருகிறேன்.

சட்டம் யானையை மறந்துவிட்டது என்று சொல்லக் கூடாது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977-ல் ஆசிய யானையை அதன் முதல் அட்டவணைக்குக் கொண்டுபோனார்கள். 1992-ல் யானைத் திட்டம் என்று மத்திய அரசு தனியாகவே ஒன்றை ஆரம்பித்தது. முதுமலை 1940-லிருந்தே சரணாலயம், 2007-ல் புலிகள் காப்பகமும் ஆயிற்று. எல்லாம் சரி. சரணாலயத்துக்கு எல்லை போட்டார்கள். அந்த எல்லைக்கு உள்ளே யானை பத்திரம். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகிற வழியில் வருவாய்த் துறையின் பட்டா நிலம் இருக்கிறது. அங்கே அது யாருடைய பொறுப்பு? நாட்டில் உள்ள யானை வழித்தடங்கள் 88 என்று பட்டியலிட்டு ஒரு அறிக்கை 2005-ல் வந்தது. மாப்பிள்ளை வாங்கியது 2003.

2008-ல் வழித்தடத்தைக் காக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு. வழக்குப் போட்ட ராஜேந்திரனுக்கு "யானை" என்றே அடைமொழி. மாப்பிள்ளை பத்திரிகையில் வருவதையெல்லாம் வெட்டி ஒட்டி வைப்பார். 2009 கடைசியில் ஒரு செய்தி. சிங்காராவில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் கட்ட இருந்த திட்டத்துக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது. புலிகள் காப்பகமும் யானை வழித்தடமும் பக்கத்தில் என்பதுதான் காரணம். அன்று சாயங்காலம் போன் செய்தார். "மச்சான், கவர்மெண்டு ஆளுங்களுக்கே இல்லைன்னு சொல்லிப்போட்டாங்க. நம்முளுக்கு என்ன ஆகுமுங்க?" என்றார். ஒன்றும் ஆகாது, நம்முடையது பட்டா நிலம் என்றேன்.

2010 ஆகஸ்ட் 31 தேதியிட்ட அரசாணை வந்தது. வழித்தடத்தை வரைபடத்தில் குறித்து, அதில் அடங்கும் புல எண்களையும் போட்டிருந்தார்கள். அந்தப் பட்டியலை எங்கேயோ நகல் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தார். நம் எண்ணுக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"மச்சான், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு அளந்தப்பவே இது ஆனை வழின்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாதுங்க மாப்ள" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு கல்யாணம், காது குத்து என்றால் வருவார், பேசுவார். நிலத்தைப் பற்றி என்னிடம் வாயே திறக்கவில்லை. 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அரசாணை செல்லும் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய் வருடக்கணக்கில் கிடந்தது. நிலத்தில் எதுவும் கட்ட முடியாது. விற்கலாம் என்றால் வாங்க யாரும் வரவில்லை.

2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. உரிய அனுமதி இல்லாத 11 விடுதிகளை 48 மணி நேரத்தில் மூடி முத்திரை வைக்க வேண்டும். டிவியில் பூட்டுப் போடுவதைக் காட்டினார்கள். தங்கை சொன்னாள், மாப்பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்தாராம். அனுமதி வாங்காமல் கட்டியவன் பத்து வருடம் வாடகை பார்த்துவிட்டான். அனுமதி கேட்டு வரிசையில் நின்றவருக்குக் கடைக்கால் மட்டும். அடுத்த வருடம், 2019-ல், அவர் போய்விட்டார். மாரடைப்பு.

2020 அக்டோபர் 14-ம் தேதி இறுதித் தீர்ப்பு. அரசாணை சரி, வழித்தடத்தை அறிவிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனித்தனி ஆட்சேபணைகளைக் கேட்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவையும் போட்டது. அதில் உறுப்பினராக இருந்தவர் அஜய் தேசாய், முதுமலை யானைகளோடு நெடுங்காலம் வேலை செய்த ஆராய்ச்சியாளர். தீர்ப்பு வந்த மறு மாதமே அவர் காலமானார். பேப்பரில் பார்த்தபோது முன்பின் தெரியாத அந்த மனிதருக்காக வருத்தமாக இருந்தது.

அப்போதுதான் தங்கை, மாப்பிள்ளையின் ரெக்சின் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பத்திரம், வில்லங்கம், கந்தாய ரசீது, வெட்டி ஒட்டிய செய்திகள் எல்லாம் அதில் இருந்தன. குழுவுக்கு ஆட்சேபணை மனு எழுத வேண்டும், கூட ஒரு வரைபடம் வைக்க வேண்டும்.

"அண்ணா, நீங்க சர்வேயர். நம்ம நிலத்துல ஆனைத்தடம் இல்லைன்னு படம் போட்டு எழுதிக் குடுங்க. நீங்க எழுதினா எடுபடும்."

இரண்டு நாள் டைம் கேட்டேன். இரண்டு நாள் இரண்டு மாதம் ஆயிற்று.

அதற்கு நடுவில் 2021 ஜனவரி. மசினகுடிப் பக்கம் ஒரு விடுதியருகே வந்த ஆண் யானையின் மேல் எரிகிற டயரை எறிந்தார்கள். காதோரம் தீப்பிடித்து அது இருட்டில் ஓடுகிற படம் எல்லோர் செல்போனிலும் வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த யானை ஜனவரி 19-ம் தேதி செத்தது. லாரியில் ஏற்றும்போது வனத்துறை ஊழியர் ஒருவர் அதன் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தங்கையும் அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். மனுவைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்த ஆளு அழுவறதப் பாத்தீங்களாண்ணா" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போய், 2003-ல் நான் பார்த்ததைச் சொன்னேன். வெக்காலி மரம், சேறு, லத்தி, தடம். 1986-ல் பெரியவர் சொன்னது, பிடுங்கிக் கிடந்த கல். 2010-ல் மாப்பிள்ளை நேருக்கு நேர் கேட்டபோது நான் சொன்ன பொய். எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பில் பால் வைத்திருந்தாள். பொங்கி வழிந்தது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அவரு சாகறவரைக்கும் சொல்லிட்டிருந்தாரு, மச்சானுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாருன்னு."

வேறொன்றும் சொல்லவில்லை. காபியும் கொடுக்கவில்லை. நான் வந்துவிட்டேன்.

மனுவை எழுதினேன். முன்பு அலுவலகத்தில் எழுதிய மாதிரியே எழுதினேன். நல்லெண்ணத்தில், முழுப் பத்திரத்தோடு, அரசாணைக்கு ஏழு வருடம் முன்பு வாங்கிய நிலம். கட்டடம் எதுவும் கட்டவில்லை, கடைக்கால் மட்டும் உள்ளது. அரசு எடுத்துக்கொள்வதானால் நியாயமான விலை தர வேண்டும். இத்தனையும் எழுதி, கூட ஒரு படம் போட்டேன். ஓடை, மரம், கடைக்கால், வேலி எல்லாவற்றையும் குறித்துவிட்டு, வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கே கோணலாக ஒரு இரட்டைப் புள்ளிக்கோடு இழுத்தேன். வண்டிப்பாதைக்குப் போடுகிற குறி அது. பக்கத்தில் "யானை நடக்கும் வழி" என்று கையால் எழுதினேன். நாற்பத்தேழு வருடத்தில் நான் முதல் தடவையாகப் போட்ட குறி.

நண்பர் ஒருவர், அவரும் வருவாய்த் துறையில் இருந்தவர், படத்தைப் பார்த்துவிட்டு "உம்ம காலை நீரே வெட்டிக்கிறீரே" என்றார். அவரோடு வெகுநேரம் வாதம் நடந்தது. என் கட்சி இது. தீர்ப்பு சரி. வழி அடைபட்டால் அந்தக் காட்டு யானைகளுக்குப் போக்கிடம் இல்லை. அந்த வட்டாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பிணந்தின்னிக் கழுகுகள்கூட மிச்சமிருக்கின்றன. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசியால் நாடு முழுக்க அழிந்து, 2006-ல் அந்த மருந்தைத் தடை செய்த பிறகு எஞ்சி நிற்கிறவை. இதையெல்லாம் விடுதி அறை வாடகைக்கு விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் ஒரே அரசாணையின் கீழே மூன்று விதமான மனிதர்கள் மாட்டிக்கொண்டார்கள். காசு பண்ண வந்தவர்கள் ஒரு விதம். மாப்பிள்ளை மாதிரி ஆசைப்பட்டு வந்தவர்கள் ஒரு விதம். மூன்றாவது, இருளர், குறும்பர், மாடு மேய்த்துப் பிழைக்கிறவர்கள். யானையோடு தலைமுறை தலைமுறையாக வழி விட்டு வாழ்ந்தவர்கள் இவர்கள்தான். எந்தச் சட்டமும் வருவதற்கு முன்பே இவர்களுக்குத் தடம் தெரியும். அவர்களை ஒரு தடவை கூட்டிப்போய் நடக்கவிட்டு, 1986-லேயே என் படத்தில் புள்ளிக்கோடு போட்டிருந்தால், 2003-ல் மாப்பிள்ளை அதைப் பார்த்திருப்பார். பார்த்த பிறகும் வாங்கியிருந்தால் அது அவர் பாடு.

நண்பர் கேட்டார்: "அப்ப பட்டா வச்சிருக்கிறவன் என்ன பண்றது?" வயநாட்டில் திருநெல்லி - குத்ரகோடு வழித்தடத்தில் செய்ததைச் சொன்னேன். அங்கே தடத்தில் இருந்த சிற்றூர்க் குடும்பங்களோடு ஒரு தொண்டு நிறுவனம் வருடக்கணக்கில் பேசி, அவர்கள் சம்மதத்தோடு மாற்று நிலமும் வீடும் கொடுத்து, விட்டுப்போன இடத்தைக் கேரள வனத்துறையிடம் ஒப்படைத்தது. வேகமாக நடக்கவில்லை, செலவும் அதிகம். ஆனால் அங்கே யாரும் தூக்கத்திலிருந்து எழுந்து பட்டியலில் தன் புல எண்ணைத் தேடவில்லை. நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. "நாலு குடும்பத்துக்குச் செய்யலாம்யா, நாலாயிரத்துக்கு எப்படி?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மனுவையும் படத்தையும் பேரனிடம் கொடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். ஒரு வாரம் சத்தம் இல்லை. பிறகு கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினாள். படத்தில் என் எழுத்துக்குக் கீழே அவளும் ஒன்று சேர்த்திருந்தாள். வெக்காலி மரத்துக்குப் பக்கத்தில், "இங்குதான் என் கணவர் நாற்காலி போட்டு உட்காருவார்." அதை அழிக்காமல் அப்படியே அனுப்பிவிட்டேன். இதை எழுதுகிற வரை பதில் வரவில்லை.

மழை ஓய்ந்ததும் அவளும் நானும் அவள் மகளும் ஒரு நாள் நிலத்துக்குப் போனோம். வேலியை எடுத்துவிடலாம் என்று அவள்தான் சொன்னாள். உள்ளூரில் இரண்டு ஆள் பிடித்து நாலு வரிசைக் கம்பியையும் சுருட்டினோம். மசினகுடியில் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டோம். வந்த பணம் ஆள் கூலிக்கும் டாக்சிக்கும் சரியாகப் போயிற்று. கல்லுக்கால்களை எடுக்கக் கிரேன் வேண்டும் என்றார்கள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

போன மாதம் மறுபடி போனோம். அன்றுதான் இதை எழுதச் சொன்னாள். ஓடைப் பக்கம் மூன்று கால்கள் விழுந்து கிடந்தன. நான்காவது லேசாகச் சாய்ந்து நின்றது. அதில் கீழிருந்து உச்சி வரைக்கும் சேறு அப்பியிருந்தது, இன்னும் முழுசாகக் காயவில்லை. தங்கை கிட்டே போய்ப் பார்த்தாள். விரலால் தொட்டு, பிறகு புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா முதுகு சொறிஞ்சுட்டுப் போயிருக்குதுங்கண்ணா" என்றாள்.

நாலு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும், இருட்டினால் அந்த ரோட்டில் நிற்கக் கூடாது என்று டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.